பத்துத் தேத்ரி

எங்கள் லிஃப்டுக்கு வாய் உண்டு, இரும்பு வாய்.
பத்துத் தேத்ரி போட்டால் ஏறும்.
போடாவிட்டால் கதவை மூடிக்கொண்டு
நம்மோடு சேர்ந்து சும்மா நிற்கும்.
வெள்ளிதோறும் பூட்டைத் திறந்து
சில்லறை எண்ணுகிறவள் நான், ஜூஜுனா.
கோட்டுப் பொத்தான்கள், செல்லாத சோவியத் கோப்பெக்,
ஒருமுறை யாருடையதோ ஒரு தங்கப் பல்:
நோட்டில் அதற்கும் ஒரு வரி எழுதினேன்.

திபிலீசியின் வடகோடியில்
ஒன்பது மாடிக் கட்டடங்கள்
ஈரத்துணிக் கொடிகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
நிற்கும் எங்கள் பேட்டையில்
கலைவிழா என்றார்கள். மே மாதம், மூன்று நாள்.
கேரேஜ் கதவுகளுக்கெல்லாம் நீலம் பூசினார்கள்.
தயிர் விற்கிறவரின் கூவலை
அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள்.
அவர் வந்து பார்த்து
எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார்.

ரீகாவிலிருந்து வந்த இல்சே
என் உண்டியலைக் கேட்டாள்.
"மூன்று நாளைக்குக் காசு வேண்டாம்.
ஒரு வார்த்தை சொன்னால் ஏறட்டும்."
எந்த வார்த்தை?
"எதுவானாலும்."
வசூல் நஷ்டத்துக்கு ரசீது கேட்டேன்.
கையெழுத்துப் போட்டுத் தந்தாள்,
கட்டைவிரல் மஞ்சள் பெயின்டும் சேர்ந்து.

முதல் நாள் எல்லோரும் மாடி எண்ணையே சொன்னார்கள்.
ஆறு. எட்டு. மறுபடி எட்டு.
மாலையில் லாஷா பயல்
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தான்.
ஏறியது.
நாற்பத்தொரு தடவை ஏறி இறங்கினான்;
தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோய்
கடைசியில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வந்துவிட்டான்.
மறுநாள் முட்டை விலை, முழங்கால் வலி,
போலந்துக்குப் போன மகனோடு
எட்டாம் மாடி சியாலா
தவணை தவணையாகப் போட்ட சண்டை.

நான்காம் மாடி பத்ரி,
கேரேஜுக்காக அண்ணன் ஓதாரோடு பேச்சை விட்டவன்,
இரண்டு நாளும் படியேறினான்.
மூன்றாம் நாள்
தக்காளிக் கூடை கனத்திருக்க வேண்டும்.
"சாவி மூன்றாவது செங்கல்லுக்கு அடியில்"
என்றான் லிஃப்டிடம்.

ஞாயிறு இரவு
வீடு வீடாக நாற்காலிகள் இறங்கி வந்தன,
ஒவ்வொன்றும் ஓர் உயரம்.
ஒலிபெருக்கியில் எங்கள் மூன்று நாளும்
ஏறிற்று, இறங்கிற்று.
செங்கல் வந்தபோது
ஓதார் எழுந்து இருட்டுக்குள் போனான்.
திரும்பி வந்து தம்பியருகே நின்றான்.
சாவி இருந்தது.
பூட்டைத்தான்
ஆறு வருஷம் முன்பே அவன் மாற்றியிருந்தான்.
இருவரில் யார் முதலில் சிரித்தது என்று
இப்போது புதிதாக ஒரு தகராறு.

அப்புறம் பதினோரு விநாடி
ஒன்றும் இல்லை.
ஒரு மூச்சு. பையைக் கீழே வைக்கும் ஓசை.
பேசாமலே லிஃப்ட் ஏறும் ஓசை.
"கருவி பழுதாகியிருக்கும்" என்றாள் இல்சே, மெல்ல.
அதற்குள் எங்கேயோ
ஒரு சாவிக்கொத்து குலுங்கியது.
"ஜூஜுனா!" என்று கத்தியது முற்றம்,
ஜன்னல்களும் சேர்ந்துகொண்டன,
லாஷா எல்லோருக்கும் மேலே.

ஆமாம், நான்தான்.
எத்தனையோ பேரிடம் வாங்கியவள்
அந்த மத்தியானம்
கொடுக்க ஒரு சொல் தேடி நின்றேன்.
வணக்கம் என்பதா? யாருக்கு?
வாய் கூசியது.
உட்கதவைத் திறந்து விசையைத் தட்டினேன்,
திருடியைப் போல,
என் சொந்தச் சாவியால்.

திங்கள் உண்டியல் திரும்பியது.
காசு விழுந்த பிறகும்
சிலர் வாய் திறந்தபடி ஒரு கணம் நிற்கிறார்கள்.
இல்சே போய்விட்டாள்; மஞ்சள் ரசீது
நோட்டில் தங்கப் பல்லுக்கு எதிர்ப் பக்கம்.

நேற்று யாரும் இல்லாத லிஃப்டில்
முதல்முறையாகப் பத்துத் தேத்ரி போட்டேன்.
"ஒன்பது" என்றேன், சத்தமாக.
என் வீடு இரண்டாம் மாடியில்.