கவனிப்புப் படிவம்

வின்னிபெக். ஜனவரி. மைனஸ் பத்தொன்பது.
பிள்ளை: ஜோமார். மூன்று வயது, இரண்டு மாதம்.
கவனிப்பவர்: யசோமதி, பயிற்சி மாணவி.
வயது கேட்கப்படவில்லை.
(நாற்பத்தொன்று.)

பத்து நிமிடம். தொடக்கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாது,
கண்ணில் பட்டதை மட்டும் எழுது என்றாள் டெனிஸ்.
'பிடிவாதக்காரன்' என்று எழுதாதே.
'மூன்றாம் முறையும் இழுத்தான்' என்று எழுது.

9.52
பனிச்சப்பாத்து. இடது காலை வலதுக்குள் நுழைக்கிறான்.
என் கை எனக்கு முன்னே எழுந்துவிட்டது.
பிடித்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டேன்.

9.54
மற்றப் பிள்ளைகள் வெளியே போயாயிற்று.
ஜிப்பின் ஒரு முனையை மற்றதன் வாய்க்குள் வைக்கிறான்,
ஊசியில் நூல் கோப்பவனைப் போல நாக்கு வெளியே.
வழுக்குகிறது. வைக்கிறான். வழுக்குகிறது.
குனிந்தேன்.
'ஆக்கோ' என்றான்.
தகாலோக்கில் 'நான்' என்று அர்த்தமாம், பிறகு தெரிந்தது.
எனக்கு 'ஆக்கு' என்று கேட்டது.
யாரை? எதை?

திங்கள் இரவு வகுப்பில் சொன்னார்கள்:
பிள்ளைக்குத் தனியே முடிவது ஒன்று,
துணையிருந்தால் முடிவது இன்னொன்று,
இரண்டுக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய நிலம்.
வளர்ச்சி குடியிருப்பது அங்கேதான்.
பெரியவர்கள் அங்கே கட்டுவதற்குப் பெயர் சாரம்.
தமிழில் எழுதிவிட்டுத் தனியே சிரித்தேன்.
என் வீட்டில் சாரம் என்றால்
கணவர் உடுத்துக்கொண்டு ஹாக்கி பார்ப்பது.
புத்தகத்தில், பிழிந்தெடுத்தது.
கட்டடத்தில், சுவர் நின்றதும் கழற்றவென்றே கட்டுவது.
கழற்றும் பாடம் எந்த வாரம் என்று
அட்டவணையில் தேடினேன்.
இல்லை.

9.59
ஏறிவிட்டது. தொண்டைவரை.
நான் கைதட்டவில்லை.
தட்டினால் அடுத்த முறை
ஜிப்பை விட்டு என் முகத்தைப் பார்ப்பானாம்.
அவன் திரும்பியும் பார்க்காமல் போனான்.
அது கொஞ்சம் வலித்தது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

10.01
பதினோரு அடி நடந்து நின்று திரும்புகிறான்.
பனியில் இரண்டு தடங்களும்
கோபித்துக்கொண்டவை போல ஆளுக்கொரு பக்கம்.
குந்துகிறான். தடத்தைப் பார்க்கிறான். காலைப் பார்க்கிறான்.
தடம். கால். தடம்.
அப்படியே பனியில் பொத்தென்று இருந்து
சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.

பத்து நிமிடம் அதோடு முடிந்தது.
டெனிஸ் போய் அவன் காலடியில்
ஒரு பாயை மட்டும் விரித்துவிட்டு வந்தாள்.

கடைசிக் கட்டம். வளர்ந்தவர் செய்தது:
ஒன்றுமில்லை.
பதினாறு வருடம் வங்கியில் கணக்கு எழுதியவள் நான்.
ஒரு பூச்சியத்துக்கு இவ்வளவு பாடுபட்டதில்லை.

இரவு ஆதிரை தானே பால் ஊற்றினாள்.
குவளை நிறைந்த பிறகும் ஊற்றினாள்.
மேசை விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு,
தொங்கி, யோசித்து, விழுந்தது.
அடுத்ததற்காகக் குனிந்து காத்திருந்தாள்.
நான் துடைத்துவிட்டேன்.
'ஐந்து வயதாகிறது' என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் தூங்கியபின்
துடைக்கும் துணி தொங்கும் ஆணியைப் பிடுங்கி
என் இடுப்புக்குக் கீழே அடித்தேன்.

காலையில் அதில் சாரம் மாட்டி இழுபட
கணவர் கத்தினார்:
எந்த மடையன்
ஆணியை இங்கே அடித்தது?