கடுகுக்குப் பிறகு

ஆன்டாப் ஹில், பதினேழாம் கட்டிடம், மொட்டைமாடி.
நான்கு கம்பெனிகளின் பத்தொன்பது டிஷ்.
எல்லாமே தென்கிழக்கைப் பார்த்து நிற்கின்றன.
ஊர் ஞாபகம் என்று யாரும் உருக வேண்டாம்.
காமத் வீட்டு டிஷ்ஷும் அங்கேதான் பார்க்கிறது,
அவர் பிறந்ததே தாதரில்.

கம்பெனி மாற்றலாமா என்று
பழைய டைரியில் குறித்துவருகிறேன்.

எங்கள் வீடு:
மெரூன் சேலை கறுப்பாகத் தெரிகிறது.
செய்தி வாசிப்பவருக்கு வருஷம் பூராவும் மஞ்சள் காமாலை.
தூறலுக்கே கட்டம் கட்டமாக உடைகிறார் அமைச்சர்,
தாடை ஒரு பக்கம், வாக்குறுதி ஒரு பக்கம்.

காமத் வீடு:
படம் என்றால் அது படம்.
அம்பயர் சட்டையில் பொத்தான் மாறியிருப்பது வரை தெரியும்.
ஆனால் பெட்டி செத்தால் கேட்க நாதியில்லை.
ஹிந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, தமிழுக்கு எட்டு,
எட்டை அமுக்கினால்
மறுபடியும் ஹிந்திக்கு ஒன்று.
கணபதி வந்த அன்று அணைந்ததற்கு
ஆள் வந்து சேர்ந்தபோது
தீபாவளிப் பலகாரமே தீர்ந்திருந்தது.

கீழ்த்தளம், நசீமா:
படம் சுமார், பேச்சு சுமார்,
விலை மட்டும் எச்டி.

டிஷ்ஷே எதற்கு, எல்லாம் போனில் வருகிறது என்கிறான் மகன்.
அவன் சொன்னதையும் குறித்திருக்கிறேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம்
சயானில் தண்டவாளம் மூழ்கி லோக்கல் நின்றது.
ஆபீஸுக்குப் போகாமல் சமையல் நிகழ்ச்சி பார்த்தேன்.
எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது.
"அடுத்ததா" என்று அந்த அம்மாள் கரண்டியைத் தூக்கினார்,
தூக்கியபடியே உறைந்தார்.
சிக்னல் இல்லை.

போன் போட்டேன்.
இரண்டாவது மணியிலேயே தமிழ்.
"வணக்கம், நான் ஜெயசீலி,
உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"
எழுதிவைத்ததைப் படிக்கிற குரல்.
சந்தா எண். பிழை எண். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.
பெட்டியை அணைத்துவிட்டு
முப்பது வினாடி பொறுங்கள் மேடம்.

முப்பது வினாடிக்கு
இரண்டு பேருக்கும் பேச எதுவும் எழுதிவைக்கப்படவில்லை.
ஜன்னல் தகரத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்க மழையா மேடம்?"
வேறு யாரோ போனை வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.
அவள்தான்.
"கேக்குதா?"
"நல்லா கேக்குது. எங்களுக்கு இங்க ஜன்னல் கிடையாது."
எந்த ஊரும்மா என்றேன்.
சொல்லக் கூடாது என்றாள்.

போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.
முழங்கைவரை நனைந்தது.
முப்பதுக்கு மேலேயே ஆகியிருக்கும்,
அவளும் எண்ணவில்லை போல.

"தற்போது ஆன் செய்யுங்கள் மேடம்."

வந்தது படம், அதே மஞ்சள் காமாலையோடு.
கொத்தமல்லி தூவி இறக்கிவைத்து
ஒரு வாய் போட்டுக்கொண்டு
கண்ணை மூடியிருந்தார் அந்த அம்மாள்.

உடனே ஒரு மெசேஜ்.
ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் தரவும்.
ஐந்து தந்தேன் என்று எழுதினால் கவிதைக்கு நல்லது.
மூன்று தந்தேன்.
மெரூனை நினைத்துக்கொண்டு தந்தது.

அது படத்துக்கு இல்லை, ஆண்ட்டி,
போனில் பேசின பெண்ணுக்கு,
அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றாள்
காமத்தின் மருமகள்.
மலாடில் மூன்று வருஷம் ஹெட்செட் மாட்டியிருந்தவள்.

மறுநாள் கூப்பிட்டேன்.
இரண்டாவது மணியில் ஓர் ஆண் குரல், பெயர் மகிழ்நன்.
ஜெயசீலி இருக்காங்களா?
"குறிப்பிட்ட நபருக்கு இணைக்க இயலாது மேடம்,
வேறு ஏதேனும் உதவி?"

என்னவென்று சொல்ல?
கடுகுக்கு அப்புறம் என்ன போட்டார்கள் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார், பாவம்.
பெட்டியை அணைத்துவிட்டு
முப்பது வினாடி பொறுக்கச் சொன்னார்.