பெருக்கல் குறி

பன்னிரண்டாம் அத்தியாயத்தில்
படகுத்துறை மெக்கானிக் முராசே
குனிந்து
தோகியின் ஷூ லேஸைக் கட்டிவிடுகிறான்.
நான்கு நொடி. அவ்வளவுதான்.
அந்த நான்கு நொடியில்
ஒசாகாவில் ஒரு சிநேகம் முறிந்தது.

கொசுயே எழுதுவது முராசே × தோகி.
மினாவோ எழுதுவது தோகி × முராசே.
எப்படிப் பெருக்கினாலும் விடை ஒன்றுதானே
என்பார் கணக்கு வாத்தியார்.
இல்லை சார்.
முதலில் கை நீட்டியது யார் என்பதில்
ஆறு வருடம் ஒரே பெட்டியில் ரயிலேறியவர்கள்
இப்போது ஆளுக்கொரு பெட்டி.

கண்காட்சிக் கூடத்தில் விதி செய்த வேலை,
அடுத்தடுத்த மேசை.
நடுவே ஒரு சாண்.

"ச்சே, அவங்க வெறும் நண்பர்கள்"
இரண்டு மேசைக்கும் பொதுவாகச் சொல்லிப்போனான் ஒருவன்.
அந்த ஒரு நிமிடம் மட்டும்
இருவரும் ஒரே கட்சி.

மூன்று மணிக்கு ஒரு பையன்,
கழுத்துப் பொத்தான்வரை போட்ட பள்ளிச் சட்டை.
எந்தப் பெயர் முன்னால் என்று அவன் பார்க்கவேயில்லை.
"கடைசியில யாராவது சாகிறாங்களா?
இல்ல, வேற பொண்ணைக் கட்டிக்கிறாங்களா?"
"இல்லை" என்றாள் கொசுயே.
"இதிலயும் இல்லை" என்றாள் மினாவோ.
இரண்டையும் வாங்கி
கணக்கு நோட்டுக்குள் செருகினான்.

மீதி கொடுக்கச் சில்லறை இல்லை கொசுயேவிடம்.
ஒரு நூறு யென் நாணயம்
ஒரு சாணைக் கடந்து வந்தது.

"பாத்தியா, முராசேதான் முதல்ல கை நீட்டுவான்"
முணுமுணுத்தாள் கொசுயே.

"நீட்டினது நான்."