ஏழாவது கேள்வி

ருவைஸ் முகாமில் மூன்றாம் பிளாக்
படிக்கட்டுக்கு அடியில்தான் வைஃபை நிற்கும்.
ஒன்பதாம் படிக்கு ஏறினால்
டீச்சர் உறைந்துபோவார், வாய் பாதி திறந்தபடி.

எந்த ஊர்க்காரரோ. குட்டையாய் வெட்டிய நரைமுடி.
தட்டில் ஓர் ஆட்டுச் சிறுநீரகம்.
கத்தியால் நெடுக்காகப் பிளந்து
பாருங்கள் என்கிறார், எனக்கே சொல்வதுபோல்.
பார்க்கிறேன்.
பகலெல்லாம் சாரம் கட்டிய கை
போனைப் பிடிக்கையில் நடுங்குகிறது.
ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை நிறுத்துகிறேன்.
நோட்டின் முன்பக்கம் ஓவர்டைம் கணக்கு,
பின்பக்கத்திலிருந்து நெஃப்ரான்.

படிக்கக் காசில்லை.
சான்றிதழுக்கு மட்டும் நாற்பத்தொன்பது டாலர்.
அதை வைத்து எந்தச் சுவரில் மாட்ட?
"டாக்டரே, மூட்டைப்பூச்சிக்கு ஊசி உண்டா?"
என்பான் சவரிமுத்து, தினமும்,
தினமும் தானே சிரித்துக்கொள்வான்.

ஐந்தாம் பாடம், வியர்வையில் வற்றும் உடம்பு.
அன்றிலிருந்து கழிப்பறையில்
என் கண் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது.
வெட்கக்கேடுதான்.
வைக்கோல் நிறமென்றால் சரி.
நல்லெண்ணெய் நிறமென்றால்
தண்ணி குடிடா என்கிறேன், முகம் பார்க்காமல்.

நேற்று ராத்திரி தேர்வு. ஏழாவது கேள்வி:
முப்பத்திரண்டு வயது ஆண். வெயிலில் வேலை.
இரண்டு நாளாய்த் தொடையிலும் முதுகிலும் வலி.
சிறுநீர் தேயிலைச் சாய நிறம்.
அடுத்து என்ன செய்வீர்கள்?

வயது ஒன்றுதான் தப்பு.
தில் பகதூருக்கு இருபத்தொன்பது.
எனக்குக் கீழ்க்கட்டில்.
கட்டிலடியில் அவன் வைத்திருந்த பாட்டிலை
கட்டஞ்சாயா என்றே நினைத்திருந்தேன்
காலையில்.

விடைகள் நாலு.
ஒருநாள் சம்பளம் பிடிப்பார்கள் என்பது
அதில் எதிலுமில்லை.
ராத்திரி பதினொன்றரைக்கு
ஃபோர்மேன் கதவைத் தட்டுவது எப்படி என்பதும்.
நேரம் ஓடித் தீர்ந்தது.
எத்தனை முறையும் மறுபடி எழுதலாம்
என்றது திரை.

தட்டினேன்.
"பனடால் குடுத்தாச்சே. யாரு சொன்னது உனக்கு?"
"டீச்சர்."
எந்த டீச்சர் என்று கேட்டிருந்தால்
பெயர் தெரியாது.

வண்டி வர ஒரு மணி நேரம்.
தில் பகதூரைச் சவரிமுத்து தாங்கினான்.
அன்று சிரிக்கவில்லை.
பாட்டில் என் மடியில்,
துண்டில் சுற்றி, மூடியை இறுக்கி,
ஒவ்வொரு வேகத்தடைக்கும் பிடித்துக்கொண்டு.

டாக்டர் கலக்கிப் பார்த்தார்.
என்னை ஒருமுறை பார்த்தார்.
பிறகு சீட்டில் முதல் வரியாக
கிரியேட்டினின் என்று எழுதினார்.
மேசைக்கு இந்தப் பக்கம் நின்று
தலைகீழாக வாசித்துவிட்டேன்.