பதினொன்று புள்ளி மூன்று

சங்ககிரி மண்டபத்துக் கல்யாணம்,
நூற்றெண்பத்து நாலு ஜிபி.
இணைச்சீருக்கு மட்டும் மூன்று கேமரா.
மாடியில் என் கம்ப்யூட்டரிலிருந்து
கீழே டிவிக்குப் பின்னால்
தூசுக்குத் துண்டு போர்த்திய ஸ்டோரேஜ் பெட்டிக்கு
இறங்க வேண்டும் அத்தனையும்.
நாலரை மணி நேரம் என்கிறது திரை.

விநாடிக்குப் பதினொன்று புள்ளி மூன்று எம்பி.
பன்னிரண்டைத் தொடுவதில்லை,
பத்துக்குச் சரிவதுமில்லை.
பழுதென்றால் தடுமாறும்.
இது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் மாதிரி
யாரோ அளந்து ஊற்றுவது.

டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
அதற்குள்ளேயே நகலெடுத்தால் பறக்கிறது.
ஸ்விட்சை மாற்றினேன்,
திருச்செங்கோட்டில் இரண்டாயிரத்து நூறு சொல்லி
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கொடுத்தான்.
அதே பதினொன்று புள்ளி மூன்று.
இரண்டு முனையிலும் குட்டி ஒயர் புதிதாகப் போட்டேன்.
புள்ளி மூன்றுகூட மாறவில்லை.

பிறகுதான் குனிந்து விளக்கைப் பார்த்தது.
பச்சை எரிய வேண்டிய இடத்தில் ஆரஞ்சு.
ஆயிரம் பேச வேண்டிய இரண்டு பெட்டிகள்
நூறுக்குப் பேசி முடித்திருக்கின்றன.

ஆயிரத்துக்கு எட்டு நரம்பும் வேண்டும்.
நாலு செத்தால்
மிச்ச நாலில் சத்தமில்லாமல் நடந்துவிடும்.
இந்த ஒயரின் கெட்ட குணமே அதுதான்.
அடியோடு நின்றிருந்தால்
அன்றைக்கே தேடியிருப்பேன்.

டார்ச்சோடு ஒயரின் பின்னாலேயே போனேன்.
ஜன்னல் கட்டை, பீரோ முதுகு,
மாடிப்படி திரும்புகிற மூலை.
அங்கே சிவப்பு டேப்.
நான் எப்போதும் கறுப்புதான் சுற்றுவேன்.

பிரித்தால்,
ஆரஞ்சும் பச்சையும் ஜோடி ஜோடியாக
அவை பாட்டுக்குக் கீழே போகின்றன.
நீலமும் பழுப்பும் மட்டும் வெட்டுப்பட்டு
அவர் கட்டிலுக்குத் திரும்புகின்றன.

ஆடியில் ஒடிசாவில் ரிக் வண்டியிலிருந்து விழுந்தவர்.
தொடையில் கம்பி.
நான் பவானிக்கு ஷூட்டிங் போன நாளில்
தானாக ஒரு பெல் வைத்துக்கொண்டார்.
ஒரு தரம் அடித்தால் தண்ணீர்.
இரண்டு தரம், கால் வலி.
மூன்று தரம், ஒன்றுமில்லை,
இன்னும் தூங்கலையா என்று.

"ஏனுங்க, இதாரு பண்ணுனது?"

"அங்கப்பந்தான். எட்டு ஒயர் போகுது,
நாலு சும்மா கெடக்குதுன்னான்."

"சும்மா ஒண்ணும் கெடக்குலீங்க."

"படம் போகுதுல்ல?"

"போகுது."

"அப்பறமென்ன புள்ள?"

"பெல்லுக்கு ரெண்டு பத்தாதுங்களா?"

"ரெண்டு ரெண்டாச் சேத்து முறுக்கச் சொன்னேன்.
பலமா இருக்கட்டும்னு."

எழுநூறு அடிக்குக் குழாய் இறக்கியவர்.
கையில் கட்டர் வைத்துக்கொண்டு
படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.
பூமிக்குள் தண்ணீர் இருந்தும்
குழாய் சிறுத்தால் வராது என்று
எத்தனை பேர் தோட்டத்தில் நின்று
இவரே சொல்லியிருப்பார்.
அதைச் சொல்லிக்காட்ட வாய் வரைக்கும் வந்தது.
மணி ஒன்றரை.
அந்த வலி மாத்திரைக்கு இரண்டரை வரைதான் வேலை.
டேப்பைத் திரும்பச் சுற்றினேன், சிவப்பையே.
நாலரை மணி நேரமும் இறங்கட்டும்.

மறுநாள் அங்கப்பன் வந்தான்,
மீட்டர் எட்டு ரூபாய் ஒயரோடு.
என்னிடம் திட்டு வாங்குவதற்கு முன்பே
ஏணி மேல் ஏறிக்கொண்டான்.
எட்டையும் வரிசை தப்பாமல்
நானே புதிதாய்த் தலை கிரிம்ப் பண்ணினேன்.
பழுப்பு ஒன்று குட்டையாகிவிட, இரண்டாம் தலை.
பச்சை எரிந்தது.
நூற்றுப் பன்னிரண்டு.
பெருமாநல்லூர் காதுகுத்து முழுசும்
நான் டீ ஆற்றுவதற்குள் இறங்கிவிட்டது.

பெல்லைச் சோதித்துப் பார்க்கச் சொன்னான் அங்கப்பன்.
நான் கட்டில் பக்கத்தில்தான் நிற்கிறேன்.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
மூன்று தரம் அடித்தார்.
மாடியில், யாருமில்லாத அறையில்,
கேட்டது.