கடலைக் காணோம்

முதலில் அட்டையை ஒட்டிப் பார்த்தோம்,
பெட்டிக்குள் வந்த வெட்டளவு அட்டை.
இரண்டு விரற்கடை மேலே ஏற்று என்றார் ஆர்ன்கெல்,
காப்பிக் கோப்பையின் இடம் போய்விடுமாம்.
முப்பது வருடமாக அங்கேதான் கோப்பை.
எந்தப் புயலுக்கும் நகராத அதற்குப்
பன்னிரண்டு அங்குலத் திரை வழிவிட்டது.

போலுங்கார்விக் துறை, நவம்பர்.
மூன்று மணிக்கே வெளிச்சத்தைச் சுருட்டி
மலை கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறது.
ஜிக்சா பலகையைத் தின்னத் தொடங்கியதும்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
பிள்ளைக்கு ஊசி போடுகையில்
அப்பன்மார் சுவரைப் பார்ப்பதுபோல.

துளைக்குப் பின்னால் ஒரு காடு.
சிவப்போடு சிவப்பை முறுக்கி
சிவப்பு தீர்ந்ததும் பச்சையை முறுக்கி
மேலே சைக்கிள் ட்யூப் சுற்றி
யாரோ எப்போதோ போட்ட வயர்கள்.
யார் செய்த வேலை இது?
"நல்லாத்தானே ஓடுது" என்றார்,
அதுவும் ஒரு பெயர் என்பதுபோல.

எல்லாவற்றையும் பிடுங்கினேன்.
வெள்ளீயம் பூசிய செம்பு, ஆளுக்கொரு ஃப்யூஸ்,
திரைக்குள் நுழையுமுன் ஒவ்வொரு வயருக்கும் ஒரு தொங்கல்:
கூரை ஒழுகி நீர் வயரைப் பிடித்து வந்தாலும்
அங்கே இறங்கிச் சொட்டிவிட்டுப் போகட்டும்.
ஜி.பி.எஸ்., ராடார், ஆழமானி
மூன்றும் ஒரே முதுகெலும்புக் கேபிளில்.
அதன் இரு முனைக்கும் மூடி வேண்டும்,
மல்டிமீட்டர் அறுபது ஓம் சொல்ல வேண்டும்.
நூற்றிருபது சொன்னது.
ஒரு மூடியைக் காணோம்.
அரை மணி நேரம் மண்டியிட்டு
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடினேன்.
அவர் சட்டைப்பையில் இருந்தது.
"ஏதோ வேண்டாத தக்கை என்று நினைத்தேன்."

அறுபது.

திரை விழித்தது. துறைக்குள் நாங்கள்
கறுப்பு அம்புக்குறியாய்க் கட்டுண்டு கிடந்தோம்.
பழைய கருவியின் குறிகள் தாமாகத் தாவிவர மறுத்தன.
அவர் எண்களை வாசிக்க நான் பதித்தேன்:
வலை கிழிந்த இடம். ஹாலிபட் ஒன்று, ஹாலிபட் இரண்டு.
பொய்ப் பாறை. மாமியார்
(காற்றில்லாத நாளிலும் உறுமும் மேடாம்).
இருநூற்றுப் பதின்மூன்று பதித்தாயிற்று.
பிறகு அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஸ்டெய்ன்வோர், கொஞ்சம் திரும்பி நில்."

நியாயம்தான்.
அடுத்த தூணில் கட்டியிருப்பது
என் கொழுந்தன் ஹால்ஸ்டெய்னின் படகு.
திரும்பி நின்றேன். பின்னால்
தடித்த ஒற்றை விரல் டொக், டொக் என்றது,
கோழி கொத்துவதுபோல.
நீண்ட அமைதி.
அப்புறம், வாங்கிய விலை முழுவதும் குரலில் ஏற,
"கெட்டுப்போச்சு. கடலைக் காணோம்."

உள்ளங்கையால் எண்களை மூடிக்கொண்டு
மூலையை மட்டும் காட்டினார்.
மேற்கு என்று வைக்க வேண்டிய இடத்தில்
கிழக்கு.
"உங்கள் மீன்கள் ஸ்வீடனில் இருக்கின்றன" என்றேன்,
"பைன் மரத்தடியில்."
சிரிக்கவில்லை அவர்.
"பத்திரமாகத்தான் இருக்கும்" என்றார்,
திருத்துவதா வேண்டாமா என்று
ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார்.

மறுபடி திரும்பி நின்றேன்.
வெளியே இருட்டு முற்றி
பின் ஜன்னல் கண்ணாடியாகிவிட்டிருந்தது.
திரை அதில் மிதந்தது, எண்களோடு,
இடம்வலம் மாறி,
இரண்டு ஐந்தைப் போல, ஐந்து இரண்டைப் போல.
கண்ணை மூடியிருக்கலாம்.
ஃப்யூஸ்களை எண்ணினேன்:
ஐந்து, ஏழரை, மூன்று, பத்து ஆம்பியர்.
எது ஃப்யூஸ், எது கடல்
என்று எனக்கே குழம்பும்வரை எண்ணினேன்.

இரவு சாப்பாட்டு மேசையில்
ஹால்ஸ்டெய்ன் உருளைக்கிழங்கைத் தள்ளியபடி,
ரொம்பச் சாதாரணமாக,
"கிழவர் எங்கேதான் போய்ப் பிடிக்கிறாராம்?"

வெண்ணெயை எடு, என்றேன்.
ஸ்வீடனில்.