இருபத்து மூன்று

குளிர்ந்த நீரை ஐந்து நிமிடம் ஓடவிடவும்.
மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது.
கவுண்டி அனுப்பிய தாளில் இவ்வளவுதான்.

நிரப்பினேன்.
ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில்
ஓரிரவு இருந்தது குப்பி,
பல் கூசும் குளிர்ச்சியோடு, பளிங்காக.
"இதுக்கா சோதனை?" என்றார் ஆல்டன்.

பதினோராம் நாள் கடிதம்.
திருமதி மார்லிஸ் ட்வைட், தங்கள் கிணறு:
நைட்ரேட் இருபத்து மூன்று.
பத்தைத் தாண்டினால்
கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக் கூடாது.
காய்ச்சினாலும் போகாது,
நீர் சுண்டச் சுண்ட அது திரளும்.
நகரத்துக் குழாய்க்குக் காவல் உண்டு;
சொந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரியே சர்க்கார்.

ஐயோவாவின் இந்த மூலையில்
ஒரு முழ மண், அதன் கீழ் ஓட்டைச் சுண்ணாம்புப் பாறை.
மேலே ஊற்றியது கீழே இறங்க
நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை.

அலுவலகச் சுவரின் வரைபடத்தில்
நான் ஒரு சிவப்புப் புள்ளி.
கிழக்கே வெர்லின் ஹூடெக்கின் நானூறு பசுக்கள்.
அங்கே புள்ளியே இல்லை.
அவன் குப்பி அனுப்பவில்லை.

பனி கொட்டிய ஒவ்வொரு விடியலிலும்
கேட்காமலே என் பாதையை வழித்துவிடுபவன்.
தண்ணீரைப் பழித்தால்
அவனைப் பழித்ததாகிவிடும்.

சனிக்கிழமை
ஒரு காலிக் குப்பியோடு போனேன்.
"அறுபது வருஷமாக் குடிக்கிறோம், மார்லிஸ்."
பதில் சொல்லாமல் அவன் குழாயைத் திறந்தேன்.
ஐந்து நிமிடம்.
தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு
இரண்டு பேரும் நின்றோம்.
நான்காவது நிமிடத்தில் கேட்டான்:
"உன் மகளுக்கு எப்போ?"
"மார்ச்."

கையைத் துடைத்துக்கொண்டான்.
மூடியை வாங்கினான்,
விளிம்பை மட்டும் பிடித்து.